ரோய்ஸ்டனின் ரைஸ் குக்கர்

மலேசியாவில் சித்தியவானிலிருந்து ஈப்போவுக்குப் படிக்க வந்தபோது ரோய்ஸ்டனுக்கு ஒரு முட்டையை அவிக்கக்கூடத் தெரியாது. அதில் அவனுக்கு வெட்கமும் இல்லை. அவனுடைய அம்மா பமேலா குழம்பு கொதிக்கவைத்தால் பக்கத்து வீட்டு நாய் வேலியோரம் வந்து உட்கார்ந்துவிடும். அப்படிப்பட்ட வீட்டில் பிள்ளைக்கு அடுப்படியில் என்ன வேலை? சாப்பிடுவது ஒன்றுதான்.

தோட்டத்தில் ரப்பர்ப் பால்மரம் சீவிய குடும்பம் அது. பால்மரம் போய் எண்ணெய் எடுக்கும் செம்பனை வந்தபோது அவர்களும் தோட்டத்து லயத்து வீட்டை விட்டுவிட்டு டவுன் பக்கம் தாமான் குடியிருப்பில் ஒரு வீட்டுக்கு வந்துவிட்டார்கள். அப்பா சூசைநாதன் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறார். மகன் வெயிலில் வேகாமல் குளிரில் வேலை செய்யட்டும் என்று ஏர்கண்டிஷன் பழுதுபார்க்கும் டிப்ளோமாவுக்கு அனுப்பிவைத்தார். ஏர்கண்டிஷன் வேலை பார்ப்பவன் பாதி நாள் மொட்டை மாடி வெயிலில்தான் நிற்பான் என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை.

கல்லூரி விடுதி புந்தோங்குக்குப் பக்கத்தில், ஒரு கடை வரிசையின் மேல்மாடிகளில் இருந்தது. கீழே இருபத்து நாலு மணி நேர மாமாக் கடை, அதாவது தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடை. ரோய்ஸ்டனின் அறையில் அவனையும் சேர்த்து மூன்று பேர். ஒருவன் சுங்கை சிப்புட் பக்கத்துப் பவித்ரன், ஒல்லி, வாய் மட்டும் பெரிது. இன்னொருவன் தௌஃபிக். பீடோரில் அவன் அப்பா அபுபக்கர், சோற்றின்மேல் பல கறிகளை ஊற்றித் தரும் நாசி கண்டார் கடை வைத்திருக்கிறார். கறி வாசனையிலேயே பிறந்து வளர்ந்தவன், ஆனால் கத்தியைப் பிடிக்கத் தெரியாது. கடையில் ஆள் இருக்கும்போது முதலாளி மகன் எதற்கு வெங்காயம் உரிக்க வேண்டும்?

முதல் செமஸ்டர் முழுவதும் மூன்று பேரும் கீழ்க்கடையில்தான் வாழ்ந்தார்கள். காலையில் எண்ணெய் மினுங்கும் ரொட்டி சானாய், மத்தியானம் தேங்காய்ப்பால் சோறு நாசி லெமாக், ராத்திரி வறுத்த நூடுல்ஸ் மீ கோரேங். நடுவில் பசித்தால் கெட்டிலில் தண்ணீர் கொதிக்கவைத்து மெகி நூடுல்ஸ். எல்லாவற்றோடும் இனிப்புத் தூக்கலான பால் டீ, ஒரு ஐஸ் தே தாரிக். ரோய்ஸ்டனின் கால்சட்டை முதலில் இறுகியது, பிறகு பொத்தான் தெறித்தது. வகுப்பில் மத்தியானம் ஆனால் கண் தானாகச் சொக்கும். ஆனாலும் அவன் கவலைப்படவில்லை. கல்லூரி ஹாக்கிக் குழுவுக்கு அவன்தான் கோல் கீப்பர். "கீப்பர் கொஞ்சம் அகலமா இருந்தாத்தான்லா பந்து உள்ள போகாது" என்று சொல்லிக்கொள்வான்.

ஒரு சனிக்கிழமை வேறொரு கல்லூரியோடு ஆட்டம். பாதி நேரத்தில் பசி தாங்காமல் நாசி லெமாக் இரண்டு பொட்டலம் பிரித்தான். இரண்டாவது பாதி தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் எதிரணிக்காரன் பந்தோடு ஓடிவர, ரோய்ஸ்டன் எகிறிப் பாய வேண்டிய நேரத்தில் கோல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டான். பந்து ஒரு பக்கம் உள்ளே போனது. நாசி லெமாக் இன்னொரு பக்கம் வெளியே வந்தது. தலை சுற்றி அங்கேயே உட்கார்ந்தவனைப் பவித்ரனும் தௌஃபிக்கும் தாங்கிப் பிடித்துக் கிளினிக்குக்குக் கொண்டுபோனார்கள்.

டாக்டர் ஒரு நடுவயது அம்மா. கையில் பட்டையைக் கட்டி ரத்த அழுத்தம் பார்த்தார். நம்பாமல் இன்னொரு தடவை பார்த்தார்.

"நேத்து என்னென்ன சாப்பிட்டீங்க?"

ரோய்ஸ்டன் சொல்ல ஆரம்பித்தான். அவன் மறந்ததைப் பவித்ரன் எடுத்துக்கொடுத்தான். "ரெண்டாவது தே தாரிக்கைச் சொல்லலியே மச்சான்." டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"இந்த வயசுல இந்தப் பிரஷர் இருக்கக்கூடாது. இப்ப மாத்திரை வேணாம். சாப்பாட்டை மாத்துங்க. வீட்டுச் சாப்பாடு சாப்பிடுங்க."

"டாக்டர், வீடு சித்தியவான்ல இருக்கு."

"அப்ப ரூம்லயே ஆக்கிச் சாப்பிடுங்க" என்றார் அவர். அடுத்த ஆளைக் கூப்பிட மணியும் அடித்துவிட்டார்.

அன்று ராத்திரி ரோய்ஸ்டனுக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது. அப்பாவின் அண்ணன் ஒருவர் நாற்பது வயதில் பக்கவாதம் வந்து படுத்தவர். வீட்டுக்குப் போன் போட்டான். ஆனால் விஷயத்தைச் சொல்லவில்லை. "அம்மா, பழைய ரைஸ் குக்கர் ஒண்ணு சும்மாதானே கெடக்கு, எடுத்துக்கவா?" என்று மட்டும் கேட்டான். பமேலா சிரித்த சிரிப்பில் போன் அதிர்ந்தது. "நீயா? சமைக்கப்போறியா? என்னங்க, இங்க வாங்க, உங்க மவன் சொல்றதைக் கேளுங்க!"

அடுத்த வாரம் குக்கர் பஸ் ஏறி ஈப்போவுக்கு வந்தது. விடுதியில் அடுப்புக்கு அனுமதி இல்லை, ரைஸ் குக்கருக்கு மட்டும் உண்டு. ரோய்ஸ்டன் அரிசி, பருப்பு, கேரட், உருளைக்கிழங்கு, தக்காளி எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு, விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி மூடினான். எல்லாம் சத்துதானே, நிறையப் போட்டால் நிறையச் சத்து. அதே எக்ஸ்டென்ஷன் வயரில் பவித்ரன் சட்டைக்கு அயன் போட்டுக்கொண்டிருந்தான். தௌஃபிக் கெட்டிலுக்கும் ஸ்விட்சைத் தட்டிவிட்டான்.

முதலில் மூடி டக்டக்கென்று ஆடியது. அப்புறம் மஞ்சள் நுரை பொங்கி மேசையெல்லாம் வழிந்தது. பிறகு 'டப்' என்று ஒரு சத்தம். மாடி முழுவதும் இருட்டு. எதிர் அறையில் கால்பந்து இறுதியாட்டம் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் போட்ட கூச்சலைக் கேட்டுக் கீழே மாமாக் கடைக்காரரே வெளியே வந்து அண்ணாந்து பார்த்தாராம்.

வார்டன் பழனியப்பன் டார்ச் லைட்டோடு படியேறி வந்தார். மீசை பெரிது, குரல் அதைவிடப் பெரிது. வெளிச்சத்தை மேசைமேல் அடித்தார், தரைமேல் அடித்தார், கடைசியில் ரோய்ஸ்டன் முகத்தில் அடித்தார்.

"சோத்துப் பானையில சோறு ஆக்கணும். நீ என்ன ஆக்கியிருக்க?"

"கஞ்சி மாதிரி ஒண்ணு சார்."

"கஞ்சி மாதிரி ஒண்ணு!" என்று சொல்லிக்கொண்டே குக்கரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய்விட்டார்.

வேறு ஒருவனாயிருந்தால் அத்தோடு கீழ்க்கடைக்குத் திரும்பியிருப்பான். ரோய்ஸ்டனுக்கு மனசு கேட்கவில்லை. இரண்டு நாள் விடுதியைச் சுற்றிச் சுற்றி வந்தான். மூன்றாவது நாள் வார்டன் அறைக் கதவைத் தட்டினான்.

"சார், ஒரே ப்ளக்ல அயன் பாக்ஸ், கெட்டில், குக்கர் மூணும் ஓடுச்சு. அதான் கரண்ட் போச்சு. துணி துவைக்கிற மெஷின் ரூமுக்குத் தனி லைன் இருக்கு சார். அங்க மூலையில ஒரு மேசை போட்டு குக்கரை வச்சா ஒண்ணும் ஆகாது."

"தனி லைன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"அதைத்தானே சார் இங்க படிக்கிறேன்."

பழனியப்பனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை மீசைக்குள் மறைத்துக்கொண்டு, "பொங்கினா நீதான் தரையைத் துடைக்கணும்" என்று குக்கரை நீட்டினார்.

துணி மெஷின் அறையில்தான் உண்மையான சமையல் தொடங்கியது. ஒரு பக்கம் மெஷின் கடகடவென்று சுற்றும், மறுபக்கம் குக்கர் ஆவி விடும். பானையில் பாதிக்கு மேல் எதையும் நிரப்பக்கூடாது என்பதை ரோய்ஸ்டன் முதலில் கற்றான். கீழே சோறு வேகும்போதே மேலே ஓட்டைகள் போட்ட ஆவித் தட்டை வைத்து, அதில் முட்டையைக் கழுவி ஓட்டோடு அடுக்கிவிட்டால் தானாக அவிந்துவிடும் என்பதை இரண்டாவதாகக் கற்றான். பூசணித் துண்டை முதலிலேயே வைக்கலாம், கங்கோங் கீரையைக் கடைசியில்தான் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் கீரை கறுத்து, பார்க்கவே பாவமாக ஆகிவிடும். ஒரு கரண்டி எண்ணெயில் வெங்காயமும் நெத்திலியும் வதக்கி, மேலே அரிசியும் தண்ணீரும் விட்டால் அதுவே ஒரு சாப்பாடு. மீனுக்கு இஞ்சியைச் சீவிப் போட்டு, எலுமிச்சை பிழிந்து ஆவியில் வைத்தால் போதும்.

தோற்ற நாட்களும் உண்டு. ஒரு தடவை பச்சைப்பயற்றை ஊறவைக்க மறந்து அப்படியே போட்டுவிட்டான். பவித்ரன் ஒன்றை வாயில் போட்டுக் கடித்துப் பார்த்துவிட்டு, கையில் துப்பி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தான். "மச்சான், இது சாப்பாடா, ஹாக்கிப் பந்தா?"

பயறு மறுநாள் வெந்தது. அதைச் சாப்பிட்டதும் பவித்ரன்தான்.

இரண்டு மாதத்தில் மூன்று பேருக்கும் ஒரே பானை என்று ஆகிவிட்டது. யாரும் உட்கார்ந்து பேசி முடிவெடுக்கவில்லை. தௌஃபிக் சாப்பிடுகிற பானையில் பன்றி இறைச்சி இல்லை, கோழிகூட ஹலால் கடையில்தான். பவித்ரன் இருப்பதால் மாட்டிறைச்சி இல்லை. வெள்ளிக்கிழமை பவித்ரன் மரக்கறிதான் சாப்பிடுவான் என்பதால் அன்று எல்லாருக்கும் சாம்பார் சாதம். சனிக்கிழமை காலை புந்தோங் சந்தைக்கு மூவரும் ஒரே மோட்டார் சைக்கிளில் போக முடியாது என்பதால் இரண்டு பேர் போவார்கள், ஒருவன் துணி துவைப்பான். சந்தையில் கீரை விற்கும் இருளாயி அக்கா இவர்களைப் பார்த்தால், "வந்துட்டாங்கப்பா கல்யாண மாப்பிள்ளைங்க, ஒரு கட்டுக் கீரைக்கு ரெண்டு பேரு!" என்பாள். முருங்கைக்கீரை ஒரு கொத்தைச் சும்மா பையில் போட்டும் விடுவாள்.

அந்த வருஷம் ரம்ஜானும் தவக்காலமும் ஒரே வாரத்தில் தொடங்கின. தௌஃபிக்குக்குப் பகலெல்லாம் நோன்பு. ரோய்ஸ்டனுக்கு ஈஸ்டர் வரைக்கும் இறைச்சி இல்லை. பவித்ரன், "எனக்கு ஒரு விரதமும் இல்லை, ஆனா உங்க ரெண்டு பேரு கூடவும் சாப்பிடுவேன்" என்று அறிவித்தான்.

வீட்டை விட்டுத் தனியாகத் தௌஃபிக் இருக்கும் முதல் நோன்பு அது. இரண்டாவது நாளே அவன் முகம் வாடிவிட்டது. "எங்கம்மா நோன்புக் கஞ்சி வைக்கும். கடையே மணக்கும். சாயங்காலம் ஆனா வரிசையில நிப்பாங்க" என்றான். பேரீச்சம்பழப் பொட்டலத்தைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தான்.

ரோய்ஸ்டன் அவனிடமே கேட்டான். "அதுல என்னென்ன போடுவாங்க?"

"எனக்கு எங்க தெரியும்? நான் குடிச்சதோட சரி."

"அம்மாவைக் கேளு."

தௌஃபிக் ஜொஹரா பீவிக்குப் போன் போட்டான். பச்சரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், இஞ்சி, பூண்டு, தேங்காய்ப்பால், வாசனைக்குப் பாண்டான் இலை. கொத்துக்கறியும் உண்டு, அதை ரோய்ஸ்டனுக்காக விட்டுவிட்டுக் கேரட்டைத் துருவிப் போடுவதென்று முடிவாயிற்று. முதல் நாள் கஞ்சி களியாக வந்தது. இரண்டாம் நாள் தண்ணீராக ஓடியது. மூன்றாம் நாள் தௌஃபிக் ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான். "கிட்ட வந்துட்டோம்லா" என்றான்.

வாசனை மாடி முழுவதும் போனது. எதிர் அறைக்காரர்கள் கோப்பையோடு வந்து நின்றார்கள். கரண்ட் போன அன்று இருட்டில் அதிகமாகக் கத்தியவன்தான் முதலில் கோப்பையை நீட்டினான்.

ஒரு நாள் சாயங்காலம், நோன்பு திறக்கக் கொஞ்ச நேரம் இருக்கும்போது, துணி மெஷின் அறை வாசலில் ஒருவர் வந்து நின்றார். வெள்ளைத் தொப்பி, இரண்டு கையிலும் கனமான பிளாஸ்டிக் பைகள். தௌஃபிக்கின் அப்பா அபுபக்கர். ஈப்போவில் சாமான் வாங்க வந்தவர், கடையை மனைவியிடம் விட்டுவந்த தைரியத்தில், மகனுக்குச் சொல்லாமல் பிரியாணி கட்டிக்கொண்டு வந்திருந்தார்.

உள்ளே அவர் மகன் வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

அபுபக்கர் பைகளைக் கீழே வைத்தார். போனை எடுத்தார்.

"ஜொஹரா, உம் மவன் வெங்காயம் உரிக்கிறான்."

"யாரு மவன்?" என்றது போன்.

"நம்ம மவன்தான்! நம்பலைன்னா பாரு." வீடியோவைத் திருப்பினார்.

"ஐயோ, அழுவுறானே! ஏங்க, என்ன ஆச்சு அவனுக்கு?"

"வெங்காயம்மா, வெங்காயம்!" என்று கத்தினான் தௌஃபிக். "அத்தா, போனை வைங்க முதல்ல."

அபுபக்கர் மகனை மேலும் கீழும் பார்த்தார். "ஏன்டா இப்படி இளைச்சிட்ட?"

"இளைக்கலை அத்தா. இப்பத்தான் நல்லாயிருக்கேன். படி ஏறினா மூச்சு வாங்கறதில்லை."

பாங்கு சத்தம் போனில் வந்தது. எல்லாரும் தரையில் செய்தித்தாளை விரித்து உட்கார்ந்தார்கள். அபுபக்கர் பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்து முதலில் ரோய்ஸ்டன் பக்கம் தள்ளினார். "சாப்பிடு தம்பி. ஆட்டுக்கறி, இன்னிக்கு அறுத்தது."

"மன்னிச்சுக்குங்க அங்கிள். ஈஸ்டர் வரைக்கும் நான் இறைச்சி சாப்பிடறதில்லை."

"அப்ப நீயும் நோன்பா?"

"ஒரு மாதிரி நோன்புதான் அங்கிள்."

"அங்கிள், எனக்கு நோன்பு இல்லை" என்று பவித்ரன் பொட்டலத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

அபுபக்கர் பேரீச்சம்பழத்தைத் தின்றுவிட்டுக் கஞ்சிக் கோப்பையை எடுத்தார். முப்பது வருஷமாகக் கடை நடத்துகிறவர் முன்னால் தன் கஞ்சி போய் நிற்பதைப் பார்த்து ரோய்ஸ்டன் கரண்டியைக் கையில் பிடித்தபடியே காத்திருந்தான். அவர் ஊதி ஊதிக் குடித்தார். பாதியில் நிறுத்தினார்.

"இஞ்சி பத்தலை."

"சரி அங்கிள்."

"தேங்காய்ப்பாலும் கஞ்சத்தனமா இருக்கு."

"அது வேணும்னுதான் அங்கிள். எனக்குப் பிரஷர்."

அவர் மீதியையும் குடித்து முடித்தார். காலிக் கோப்பையை நீட்டினார். "இன்னும் கொஞ்சம் ஊத்து." பிறகு, பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகனைப் பார்க்காமலேயே சொன்னார்: "உங்கம்மா ரெண்டு நாளா ராத்திரி தூங்கலை. பிள்ளை என்னத்தைத் திங்கிறானோன்னு. நான் போய்ச் சொல்லிடறேன்." அதைச் சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. தௌஃபிக் அத்தாவின் தோளில் ஒரு நிமிஷம் சாய்ந்துகொண்டான்.

ஈஸ்டருக்கு ரோய்ஸ்டன் ஊருக்குப் போனான். பமேலா ஆட்டுக்கறி, கோழி, இறால் சம்பல் என்று மேசையை நிரப்பியிருந்தார். தவக்காலம் முடிந்த நாள், அவனும் வயிறாரச் சாப்பிட்டான். மறுநாள் எல்லாருக்கும் தான் சமைப்பதாகச் சொல்லி, பாசிப்பருப்புச் சோறும் ஆவியில் வேகவைத்த மீனும் வைத்தான். அதோடு நிறுத்தியிருக்கலாம். பெருமையில் ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசிவிட்டான்.

"அம்மா, நீங்க ஒரு நாளைக்கு ஊத்துற எண்ணெயில எங்க ரூம் ஒரு மாசம் ஓடும்."

சூசைநாதன் மேசைக்கு அடியில் மகன் காலை மிதித்தார். மிதித்துப் பயனில்லை. பமேலா கரண்டியை வைத்துவிட்டு எழுந்தார். "இருவது வருஷமா இந்தக் கையில தின்னுதான் வளர்ந்த" என்றார். பின்வாசலுக்குப் போய்க் காயாத துணியை எல்லாம் எடுத்து மடிக்க ஆரம்பித்தார்.

ரோய்ஸ்டன் மீன் தட்டைத் தள்ளிவைத்தான். கிளினிக் விஷயத்தை அவன் வீட்டில் இதுவரை சொல்லியிருக்கவில்லை. எழுந்து பின்னால் போனான். துணி மடிக்க ஒரு பக்கம் பிடித்துக்கொண்டே சொன்னான். கோல் கம்பம், வாந்தி, டாக்டர் இரண்டு தடவை பார்த்த பிரஷர், பெரியப்பாவை நினைத்துத் தான் பயந்தது, எல்லாவற்றையும்.

பமேலாவின் கை நின்றுவிட்டது. "ஏன்டா எங்கிட்ட சொல்லலை?"

"பயப்படுவீங்கன்னுதான்."

"இப்ப எப்படி இருக்கு?"

"போன வாரம் போய்ப் பார்த்தேன். சரியாயிடுச்சு. அந்த டாக்டரே நம்பலை, ரெண்டு தடவை பார்த்தாங்க."

அவர் அவன் கன்னத்தைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். அப்புறம் துணியை அவன் தோளில் போட்டுவிட்டு அடுப்படிக்கு நடந்தார். "வா, அந்தத் தட்டை எப்படி வைக்கிறன்னு காட்டு. மீன்ல புளிப்பு ஏறவே இல்லை. நான் செஞ்சா எப்படி இருக்கும்னு பாரு."

அன்று சாயங்காலம் அம்மாவும் மகனும் ஒரு குக்கருக்கு முன்னால் நின்று சண்டை போட்டார்கள். எண்ணெய்ப் போத்தல் பமேலா கையில், பமேலாவின் மணிக்கட்டு ரோய்ஸ்டன் கையில். "ஒரே ஒரு கரண்டிடா!" "அது கரண்டி இல்லைம்மா, அகப்பை!" சூசைநாதன் வாசலில் நின்று, "நீங்க முடிவு பண்ணுங்க, நான் மாமாக் கடைக்குப் போய்ட்டு வாரேன்" என்றார். இருவரும் ஒரே குரலில் "போகாதீங்க!" என்றார்கள். அதன் பிறகு பமேலா தினமும் தன் ஆவிச் சமையலைப் படம் பிடித்து மகனுக்கு அனுப்பத் தொடங்கினார். போட்டியில் தோற்கிற ஆள் இல்லை அவர்.

இப்போது ரோய்ஸ்டன் கடைசி செமஸ்டரில் இருக்கிறான். துணி மெஷின் அறையில் இன்னும் இரண்டு குக்கர்கள் சேர்ந்திருக்கின்றன. பழனியப்பன் வெள்ளிக்கிழமை சாம்பார் சாதத்துக்குச் சொந்தத் தட்டோடு வருகிறார். சோதனை செய்ய வருவதாகச் சொல்லிக்கொள்கிறார்.

போன மாதம் பீடோரிலிருந்து அபுபக்கர் கூப்பிட்டார். கடை ஏர்கண்டிஷன் தண்ணீர் ஒழுகுகிறதாம். ரோய்ஸ்டன் ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து, தௌஃபிக்கோடு போனான். ஏணியில் ஏறி, அடைத்திருந்த குழாயைச் சுத்தம் செய்து, வடிகட்டியைக் கழுவி மாட்டினான். குளிர்ந்த காற்று வந்ததும் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கை தட்டினார்கள்.

அபுபக்கர் அவனை மேசையில் உட்காரவைத்தார். தட்டில் சோறு, வறுத்த கோழி, கணவாய், வெண்டைக்காய், முட்டை. எல்லாவற்றின் மேலும் நான்கு கறிகளைக் கலந்து வெள்ளம் போல ஊற்றினார். ஊற்றிய பிறகுதான் ஞாபகம் வந்தது.

"ஐயோ, உனக்குப் பிரஷராச்சே தம்பி! வேற தட்டு கொண்டுவரச் சொல்லவா? வெறும் கீரை மட்டும்?"

ரோய்ஸ்டன் தட்டை இரண்டு கையாலும் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

"தட்டுல கையை வைக்காதீங்க அங்கிள்" என்றான். "நாளைக்குக் கஞ்சி குடிச்சுக்கறேன்."